இரும்பு ஆக்சைடு நானோ துகள் கான்ட்ராஸ்ட் மருந்துகள் எங்கே போயின?

துகள்பித்து எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். முனைவர் பட்ட ஆய்வின் கடைசிக் கட்டத்தில் இருக்கிறேன், இயற்பியல் துறை. என் வேலை மேக்னடைட் நானோ துகள்கள். இரண்டு வகை இரும்பு உப்புகளை 1:2 விகிதத்தில் கரைத்து, நைட்ரஜனை ஓடவிட்டுக்கொண்டே அம்மோனியா சேர்த்தால் கருப்பாகத் திரண்டு இறங்கும். அதைக் கழுவி டெக்ஸ்ட்ரான் பூசி எடுக்கிறோம். எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால் உள்கரு சுமார் 9 நானோமீட்டர். தண்ணீரில் மிதக்கும்போது பூச்சோடு சேர்த்து அளந்தால் 85 வருகிறது.

இதை அகர் ஜெல்லில் 0.05 முதல் 1 மில்லிமோலார் இரும்புவரை வெவ்வேறு செறிவுகளில் கலந்து, குழாய்களில் ஊற்றி, 1.5 டெஸ்லா எம்.ஆர்.ஐ. கருவியில் வைத்தோம். முதல் குழாய் வெளிர் சாம்பல், கடைசிக் குழாய் சுத்தக் கருப்பு. கோடு போட்டுப் பார்த்ததில் ஆர்2 மதிப்பு 210. அதாவது ஒரு மில்லிமோலார் இரும்பு இருந்தால் டி2 தளர்வு வேகம் (சமிக்ஞை மங்கும் வேகம், கூடினால் படம் கருக்கும்) வினாடிக்கு 210 கூடுகிறது. விற்பனைக்கு வந்த மருந்துகளைவிட இது ஒரு படி மேல். வழிகாட்டிக்கு ஒரே மகிழ்ச்சி. முடிவுரையில் ‘மருத்துவப் பயன்பாட்டுக்கு உகந்தது’ என்று எழுதச் சொல்லிவிட்டார்.

முன்னுரைக்காக, இதே வகைத் துகளால் ஆன பழைய கான்ட்ராஸ்ட் மருந்துகளை (எம்.ஆர்.ஐ. படத்தில் வேறுபாடு தெரிய உடம்பில் ஏற்றுபவை) தேடப் போய்த்தான் குழப்பம் வந்தது. ஃபெரிடெக்ஸ் 1996-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்று, 2008-இல் தயாரிப்பே நின்றிருக்கிறது. ரெசோவிஸ்ட் 2001-இல் ஐரோப்பாவுக்கு வந்து, பத்தாண்டு முடிவதற்குள் அங்கே காணாமல் போயிற்று. சினெரெம் மருந்துக்கான விண்ணப்பத்தை நிறுவனமே 2007-இல் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஆனால் ஆய்வுக் கட்டுரைகளை எடுத்தால், முதல் பத்தியிலேயே ‘நச்சுத்தன்மை குறைந்தது, கடோலினியத்துக்கு (வழக்கமாக ஏற்றும் கான்ட்ராஸ்ட் உலோகம்) மாற்று’ என்று இன்றைக்கும் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். அவ்வளவு நல்ல மாற்று என்றால் ஏன் யாரும் போடுவதில்லை? யாருக்காவது ஏதாவது ஆகிவிட்டதா? கதிரியலில் இருப்பவர்கள் யாராவது உள்ளதைச் சொன்னால் புண்ணியமாகப் போகும்.

கருப்புவெள்ளை எழுதியது:

நான் கதிரியல் மருத்துவர். ஃபெரிடெக்ஸ் ஏற்றிய கல்லீரல் படங்களை வாசித்த தலைமுறை. கொஞ்சம் நீளமாகத்தான் எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

விஷம் என்கிற பேச்சை முதலில் முடித்துவிடலாம். அந்த மருந்தின் அளவு, உடல் எடையில் கிலோவுக்கு 0.56 மில்லிகிராம் இரும்பு. 70 கிலோ ஆளுக்கு 40 மில்லிகிராம்கூட வராது. நம் உடம்பில் ஏற்கெனவே 3 முதல் 4 கிராம் இரும்பு இருக்கிறது. ஒரு பை ரத்தம் ஏற்றினாலே 200 மில்லிகிராமுக்கு மேல் உள்ளே போகிறது. துகளை விழுங்கிய செல் அதைக் கரைத்து ஃபெரிட்டின் என்ற சேமிப்புப் புரதத்தில் சேர்த்துவைக்கும், அப்புறம் அது ஹீமோகுளோபினுக்குச் செலவாகிவிடும். ஆகவே இரும்பின்மேல் பழி போட வேண்டாம்.

ஏற்றுவதுதான் ஒரு பாடு. பாட்டிலில் இருப்பது கருப்பும் செம்பழுப்புமான ஒரு திரவம். ஊசியில் எடுத்து ஒரே தள்ளாகத் தள்ள முடியாது. 100 மில்லி டெக்ஸ்ட்ரோஸில் கலந்து, குழாயில் 5 மைக்ரான் வடிகட்டி மாட்டி, அரை மணி நேரம் சொட்டுச் சொட்டாக இறக்க வேண்டும். நடுவில் சிலருக்கு இடுப்பைப் பிடித்துக்கொள்ளும். “டாக்டர், முதுகு உடைகிற மாதிரி இருக்கிறது” என்பார்கள். சொட்டை நிறுத்தினால் வலி அடங்கும், வேகத்தைக் குறைத்து மறுபடி ஓட்டுவோம். ஏன் முதுகு என்று கேட்காத நோயாளி இல்லை. மருந்து எல்லாம் இறங்கிய பிறகு காத்திருந்து ஸ்கேன். ஒப்பிட்டுப் பார்க்க, மருந்துக்கு முன்னால் எடுத்த படமும் வேண்டும். ஒரே நோயாளியை இரண்டு தடவை மேஜையில் ஏற்றுவது என்றால் என்ன என்று எம்.ஆர்.ஐ. அறையின் அன்றாட அட்டவணையைப் போடுகிறவரிடம் கேட்டுப் பாருங்கள்.

சரி, படத்துக்கு வருவோம். இந்தத் துகள்கள் ஒவ்வொன்றும் தன்னைச் சுற்றி ஒரு குட்டிக் காந்தப்புலத்தை உண்டாக்கும். அந்த வட்டாரத்தில் அலைகிற நீர் மூலக்கூறுகளின் புரோட்டான்கள் ஒன்றுக்கொன்று தாளம் தப்பி, சமிக்ஞை சீக்கிரம் செத்துப்போகும். கல்லீரலில் குப்ஃபர் செல்கள் என்று உண்டு, ரத்தத்தில் வரும் வேண்டாத துகள்களைப் பிடித்து விழுங்குவதுதான் அவற்றின் வேலை. ஃபெரிடெக்ஸை அவைதான் விழுங்கும். ஆகவே ஆரோக்கியமான கல்லீரல் முழுக்கக் கருத்துவிடும். பெருங்குடலிலிருந்து பரவி வந்த கட்டியில் குப்ஃபர் செல் கிடையாது, அது மட்டும் வெளுப்பாக நிற்கும். அறுவைக்கு முன் கட்டிகளை எண்ணிக் கொடுக்க இதைப் போல ஒரு வசதி அப்போது இல்லை. அந்த நாட்களில் எனக்கு இந்த மருந்தை மிகவும் பிடித்திருந்தது.

ஆனால் கருத்த பின்னணியில், குறுக்கே வெட்டுப்பட்ட ரத்தக்குழாயும் வெள்ளைப் புள்ளியாகத்தான் தெரியும். புள்ளி நீண்டுகொண்டே போனால் குழாய், அங்கேயே நின்றால் கட்டி. இதற்காக ஸ்லைஸ் ஸ்லைஸாக மேலும் கீழும் ஓட்டிக்கொண்டிருக்க வேண்டும். அதுகூடப் பரவாயில்லை. ஈரல் சுருங்கிப்போனவர்களுக்குக் குப்ஃபர் செல்கள் திட்டுத் திட்டாகத்தான் வேலை செய்யும். கல்லீரல் ஒரு இடத்தில் கருப்பு, ஒரு இடத்தில் சாம்பல். அவர்களுக்குத்தான் கல்லீரலிலேயே பிறக்கும் புற்றுநோய் வரும் வாய்ப்பு அதிகம். அந்தப் புற்றும் ஆரம்ப நிலையில் கொஞ்சம் குப்ஃபர் செல்லை வைத்துக்கொண்டு, கூடவே கருத்து, ஒளிந்துகொள்ளும். அதாவது மருந்து யாருக்கு அதிகம் தேவையோ அவர்களிடமே சொதப்பும்.

அந்தப் புற்றைக் கண்டுபிடிக்க எங்களுக்கு வேண்டியது தமனிக் கட்டம். மருந்தை வேகமாகத் தள்ளி, அது தமனி வழியாகக் கல்லீரலுக்குள் நுழையும் அந்தச் சில வினாடிகளில் படம் எடுத்தால் புற்று பளிச்சென்று தெரியும். அரை மணி நேரம் சொட்டும் மருந்தில் தமனிக் கட்டம் ஏது? ரெசோவிஸ்டை வேகமாகத் தள்ளலாம், ஆனால் தமனிக் கட்டத்தில் அதன் பளிச்சிடல் போதவில்லை. 2008-இல் கடாக்ஸெடேட் என்ற கடோலினியம் மருந்து அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஒரே ஊசி. தமனிக் கட்டம் கிடைக்கும், இருபது நிமிடம் கழித்து நல்ல கல்லீரல் செல்கள் அதை உள்வாங்கி வெளுக்கும், கட்டி கருப்பாகத் தெரியும், நோயாளி வீட்டுக்குப் போய்விடலாம். ஃபெரிடெக்ஸ் நின்றதும் அதே 2008 என்பதைக் கவனியுங்கள். போதாததற்கு, ஊசியே இல்லாமல் கட்டியைக் காட்டும் டிஃப்யூஷன் படமும் அதே காலத்தில் தேறிவிட்டது. யாரும் இரும்பைத் தடை செய்யவில்லை. வாங்க ஆள் இல்லாமல் போயிற்று, அவ்வளவுதான்.

இன்னொன்று, கண் பழக்கம். எம்.ஆர்.ஐ.யில் கருப்பு என்றால் அது காற்றாக இருக்கலாம், பழைய ரத்தக்கசிவாக இருக்கலாம், சுண்ணாம்பு, உலோகக் கிளிப், வேகமாக ஓடும் ரத்தம், எதுவாகவும் இருக்கலாம். கருத்ததெல்லாம் உங்கள் துகள் இல்லை. போதாக்குறைக்கு இரும்பின் நிழல் தன் உண்மையான அளவைவிடப் பெரிதாகப் பரவும், ஓரத்தை அளக்க முடியாது. கடோலினியம் வெளுப்பாக்கும். வெளுப்பைத் தேடிப் பழகிய கண்ணுக்கு ‘இங்கே சமிக்ஞை இல்லை, அதுதான் செய்தி’ என்று சொல்வது கொஞ்சம் கஷ்டம்.

எனக்கு உண்மையிலேயே வயிற்றெரிச்சல் சினெரெம் விஷயத்தில்தான். அது 30 நானோமீட்டர் வாக்கிலான சின்னத் துகள். கல்லீரல் உடனே பிடித்துக்கொள்ளாது, ரத்தத்தில் நெடுநேரம் சுற்றி நிணநீர் முடிச்சுகளுக்குள் போகும். 24 மணி நேரம் கழித்துப் படம் எடுத்தால் நல்ல முடிச்சு கருத்திருக்கும், புற்று பிடித்த இடம் வெளுத்திருக்கும். 2003-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் 80 புராஸ்டேட் புற்றுநோயாளிகளின் முடிவு வந்தது. சாதாரண எம்.ஆர்.ஐ. புற்றுள்ள முடிச்சுகளில் 35.4 சதவீதத்தைத்தான் பிடித்தது, இந்தத் துகளோடு 90.5. முடிச்சு பெருத்திருந்தால்தான் சந்தேகப்படுவோம் என்ற பழைய கணக்கையே அது உடைத்தது. அப்படியும் 2005-இல் அமெரிக்க மருந்து அனுமதி ஆலோசனைக் குழு பச்சைக்கொடி காட்டவில்லை. நெதர்லாந்தின் நைமேகனில்தான் விடாமல் பிடித்துக்கொண்டு அதற்கு மறுஉயிர் கொடுத்தார்கள்.

உங்கள் 210-க்கு வருகிறேன். அந்த எண்ணைப் பார்த்து எந்தக் கதிரியல் மருத்துவரும் மருந்து கேட்க மாட்டார். எந்த செல் விழுங்கும், எத்தனை மணி நேரத்தில் விழுங்கும், விழுங்காத இடம் எனக்கு என்ன நோயைச் சொல்லும் என்றுதான் கேட்பார். இதற்குப் பதில் இல்லாமல் ‘மருத்துவப் பயன்பாட்டுக்கு உகந்தது’ என்று எழுதினால், வாய்மொழித் தேர்வில் என்னைப் போல ஒருவர் உட்கார்ந்திருந்தால் அந்த வரியில்தான் கை வைப்பார்.

துகள்பித்து எழுதியது:

ரொம்ப நன்றி டாக்டர். முதுகுவலி பற்றி எந்தக் கட்டுரையின் முன்னுரையிலும் நான் படித்ததில்லை! ஒரே ஒரு துணைக் கேள்வி. கடோலினியம் சிறுநீரகம் கெட்டவர்களுக்கு ஆபத்து என்பது உண்மைதானே? அந்த இடமாவது இரும்புக்குக் கிடைக்காதா?

சுருள் எழுதியது:

எம்.ஆர்.ஐ. டெக்னாலஜிஸ்ட். இதற்கு நான் சொல்கிறேன். சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்குத் தோலும் உள்ளுறுப்புகளும் இறுகிப்போகும் நோய்க்கும் கடோலினியத்துக்கும் தொடர்பு இருப்பது 2006-இல் வெளியே வந்தது. பழி பெரும்பாலும் நேர்கோட்டு அமைப்புள்ள மருந்துகளின் மேல். வளைய அமைப்புள்ளவை கடோலினியத்தை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். 2017-இல் ஐரோப்பாவில் நேர்கோட்டு வகையில் பலவற்றை நிறுத்திவைத்தார்கள். வளைய வகை வந்தபின் அந்த ஆபத்து மிகவும் குறைந்துவிட்டதால், நீங்கள் சொல்லும் காலியிடமும் சுருங்கிவிட்டது. இருந்தாலும் ஒருவர் உள்ளே நுழைந்திருக்கிறார்: ஃபெருமாக்ஸிடால். அதுவும் இரும்பு ஆக்சைடு நானோ துகள்தான், ஆனால் 2009-இல் அனுமதி வாங்கியது சிறுநீரக நோயாளிகளின் ரத்தசோகைக்கு. ரத்தத்தில் அதன் அரை ஆயுள் சுமார் 15 மணி நேரம். கடோலினியம் போல நிமிடங்களில் கசிந்து போகாததால் ரத்தக்குழாய்ப் படம் எடுக்க அவசரமே இல்லை. அனுமதிப் பட்டியலுக்கு வெளியே பல இடங்களில் அப்படிப் பயன்படுத்தியிருக்கிறார்கள். கடும் ஒவ்வாமை வந்ததால் 2015-இல் கட்டம் கட்டிய எச்சரிக்கை போட்டார்கள், வேகமாகத் தள்ளக் கூடாது, குறைந்தது 15 நிமிடம் ஏற்ற வேண்டும் என்றும் மாற்றினார்கள்.

இதை எங்கள் பக்கத்திலிருந்து பார்த்தால் வேறு தலைவலி. ரத்தசோகைக்காக அதைப் போட்டுக்கொண்டவர் சொல்லாமல் ஸ்கேனுக்கு வந்தால், கல்லீரலும் மண்ணீரலும் கரிக்கட்டையாக வரும். இரும்பு தேங்கும் நோய் என்று அறிக்கை போகவும் வாய்ப்புண்டு. மூன்று மாதம்வரை எம்.ஆர்.ஐ. படத்தை அது மாற்றலாம் என்று மருந்தோடு வரும் விவரச் சீட்டிலேயே இருக்கிறது. அதனால் ‘உடம்பில் உலோகம் ஏதாவது உண்டா’ என்று கேட்கும்போதே ‘சமீபத்தில் இரும்பு ஏற்றினீர்களா’ என்றும் கேட்டுவிடுவேன். முதல் கேள்விக்கு எல்லோரும் பதில் சொல்வார்கள், இரண்டாவதற்கு முழிப்பார்கள்.

ஒலியிக்அமிலம் எழுதியது:

டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டார், நான் குழாயைப் பார்க்கிறேன். அந்த 210-ஐ எப்படி எடுத்தீர்கள் என்று சொல்லவில்லையே. 1 மில்லிமோலார் குழாயில் டி2, அதாவது சமிக்ஞை மங்கும் நேரம், என்ன வரும்? 1-ஐ 210-ஆல் வகுத்தால் சுமார் 4.8 மில்லிவினாடி. மருத்துவமனைக் கருவியில் முதல் எதிரொலி, அதாவது சமிக்ஞையின் முதல் அளவீடு, 10 மில்லிவினாடியில் விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்குள் சமிக்ஞை எட்டில் ஒரு பங்காகிவிட்டது. 20-இல் இரண்டு சதவீதம்கூட மிஞ்சாது. அதற்கப்புறம் நீங்கள் அளப்பது துகளை அல்ல, கருவியின் இரைச்சலை. இரைச்சல் பூஜ்யத்துக்குக் கீழே போகாது, ஆகவே வளைகோடு தட்டையாகி டி2 நீளமாகத் தெரியும், ஆர்2 குறைவாக வரும். உண்மை மதிப்பு 210-க்கு மேலேயும் இருக்கலாம்! ஆனால் வழிகாட்டியிடம் ஓட வேண்டாம், மீதியையும் படியுங்கள். அரை மில்லிமோலாருக்குக் கீழே மட்டும் எடுத்துக்கொண்டு இன்னும் இரண்டு மூன்று குழாய்கள் சேர்த்துக் கோடு போடுங்கள். துகள் இல்லாத வெறும் அகர் குழாய் ஒன்றும் வேண்டும், அகரே டி2-ஐ நன்றாகக் குறைக்கும். செறிவு என்பது நீங்கள் எடைபோட்டுச் சேர்த்த இரும்பா, அல்லது அமிலத்தில் கரைத்து ஐ.சி.பி. என்ற தனிம அளவீட்டுக் கருவியில் அளந்ததா? கழுவும்போது எவ்வளவு போயிற்று என்று யாருக்கும் தெரியாது, அளந்தே ஆக வேண்டும்.

பெரிய சங்கதி வேறு. உள்கரு 9, வெளி விட்டம் 85 என்கிறீர்கள். டெக்ஸ்ட்ரான் அவ்வளவு தடிமனாக உட்காராது. ஒரு பொட்டலத்துக்குள் பல கருக்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. கொத்தாகச் சேர்ந்தால் ஆர்2 தானாகவே ஏறும், அது உங்கள் துகளின் குணம் இல்லை, கொத்தின் குணம். இன்று 210, ஒரு மாதம் அலமாரியில் இருந்தால் வேறு எண், ரத்த சீரத்தில் போட்டால் புரதங்கள் வந்து ஒட்டி இன்னொரு எண். சீரத்தில் சில மணி நேர இடைவெளிகளில் விட்டத்தை அளந்து ஒரு வரைபடம் போடுங்கள். அந்த ஒரு படம் உங்கள் ஆய்வேட்டுக்கு 210-ஐவிட அதிக மரியாதை தேடித்தரும்.

இருட்டாக்குவதை விட்டு வெளுப்பாக்கும் பக்கம் போனவர்களும் உண்டு. கருவை 3 நானோமீட்டர்வரை சிறுத்துவிட்டால் மேற்பரப்பு ஸ்பின்கள் (அணுக்களின் குட்டிக் காந்தங்கள்) ஒழுங்கு குலைந்து காந்தத்தன்மை இறங்கும், கருப்பாக்கும் ஆர்2 விழும், ஆனால் வெளுப்பாக்கும் ஆர்1 தங்கும். 2017-இல் எம்.ஐ.டி. குழு 3 நானோமீட்டர் கருவும் 1 நானோமீட்டர் பூச்சுமாகச் செய்து டி1 படத்தில் வெளுப்பாகக் காட்டியது, துகள் சிறுநீர் வழியாகவே வெளியேறியது. இதற்கு உங்கள் அம்மோனியா முறை சரிப்படாது. இரும்பு ஒலியேட்டை உயர் கொதிநிலைக் கரைப்பானில் போட்டு 300 டிகிரி வாக்கில் சிதைக்கும் வழிதான். அளவு ஒன்றுபோல வரும், ஆனால் ஒலியிக் அமில எண்ணெய்ப் பூச்சை உரித்துத் தண்ணீருக்கு மாற்றுவதற்குள் பாதி உயிர் போய்விடும். என் பெயரைப் பார்த்தால் தெரியும்.

எம்.ஆர்.ஐ.யையே விட்டுவிடும் வழியும் இருக்கிறது. 2005-இல் ஹாம்பர்க் ஃபிலிப்ஸ் ஆய்வகத்தின் க்ளைஷும் வைட்ஸெனெக்கரும் நேச்சர் இதழில் காந்தத் துகள் படமாக்கலை வெளியிட்டார்கள். அதில் திசுவிலிருந்து எந்தச் சமிக்ஞையும் வராது, துகள் மட்டுமே பேசும். டாக்டர் சொன்ன ‘கருத்ததெல்லாம் துகள் இல்லை’ என்ற தொல்லையே அங்கே கிடையாது. வேடிக்கை என்னவென்றால், ஐரோப்பியச் சந்தையை விட்டுப் போன ரெசோவிஸ்ட்தான் அந்தத் துறையில் எல்லோரும் ஒப்பிட்டுப் பார்க்கும் துகள். ஆனால் அதற்கு 9 போதாது, 25 நானோமீட்டர் பக்கம் கரு வேண்டும்.

துகள்பித்து எழுதியது:

ஐ.சி.பி. அளவு இருக்கிறது அண்ணா, எடைக் கணக்கு இல்லை. முதல் எதிரொலி 11 மில்லிவினாடி. குறைந்த செறிவுகளில் திரும்ப எடுக்கக் கருவி நேரம் கேட்டிருக்கிறேன். சீரம் அளவீட்டை இந்த வாரமே தொடங்கலாம். டாக்டர், எந்த செல் விழுங்குகிறது என்ற கேள்விக்குப் பதில் சொல்ல, எங்களிடம் ஏற்கெனவே அனுமதி வாங்கிச் செய்த எலிப் பரிசோதனையின் கல்லீரல், மண்ணீரல் மாதிரிகள் பாரஃபின் கட்டியாக இருக்கின்றன. அதை வைத்து ஏதாவது செய்ய முடியுமா?

கருப்புவெள்ளை எழுதியது:

தாராளமாக. நோய்க்குறியியல் துறையில் கேட்டு பெர்ல்ஸ் சாயம் போடச் சொல்லுங்கள், இரும்பு நீலமாகத் தெரியும். கல்லீரலில் நீலம் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள். சைனசாய்டுகள் எனும் நுண்ணிய ரத்தக்குழாய்களின் சுவரை ஒட்டிய குப்ஃபர் செல்களில் மட்டும் என்றால் உங்களிடம் இருப்பது இன்னொரு ஃபெரிடெக்ஸ். அதை அப்படியே எழுதுங்கள், கௌரவக் குறைவு ஒன்றும் இல்லை. 85 நானோமீட்டருக்கு நான் எதிர்பார்ப்பதும் அதுதான். கல்லீரல் செல்களுக்குள்ளேயும் நீலம் இருந்தால் இங்கே வந்து சொல்லுங்கள், அது சுவாரசியமான சங்கதி.

ஒரு எச்சரிக்கை. மண்ணீரலில் ஊசி போடாத எலிக்கும் நீலம் வரும். வயதான சிவப்பணுக்களை உடைக்கும் இடம் அது, சொந்த இரும்பே அங்கே குவிந்து கிடக்கும். ஆகவே துகள் ஏற்றாத எலியின் மண்ணீரலையும் அதே நாளில், அதே சாயத்தில் போட்டுப் பக்கத்தில் வையுங்கள். அந்தப் பாரஃபின் கட்டிகளை யாரும் தூக்கிப் போட்டுவிடவில்லையே? முதலில் அதை விசாரியுங்கள்.